வீராணத்தில் அரை லிட்டர்

புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டில் கடற்காற்றைக் குடுவையில் பிடித்து அளந்ததைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். சேத்தியாத்தோப்பிலிருந்தும் சுற்றுவட்டத்திலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

டீக்கடை நடத்துபவர், சேத்தியாத்தோப்பு

கே: நம் ஊர்க் காற்றைப் பிடித்து பிரான்ஸுக்கு அனுப்பினார்களாமே, அங்கே காற்று இல்லையா?

ப: அங்கே காற்று உண்டு, நம் காற்று இல்லை. 2006 செப்டம்பரில் புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் விருந்தினர் விடுதியின் மாடியில் விஞ்ஞானிகள் கம்பம் நட்டுக் குழாய் கட்டினார்கள். நண்பகலுக்கும் மாலை 6 மணிக்கும் இடையே, கடற்காற்று உள்ளே வீசும் நேரம் பார்த்துப் பம்பு வைத்து இழுத்து, ஈரத்தைப் போக்கி, ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்தார்கள். அவை பாரிஸுக்கு அருகே ஜிஃப்-சுர்-இவெட்டில் உள்ள ஆய்வகத்துக்குப் போயின. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹன்லேயிலும், அந்தமானில் போர்ட் பிளேரிலும் பிடித்த குடுவைகளும் அங்கேதான் போயின. மூன்று ஊர்க் காற்றையும் ஒரே கருவியில், ஒரே அளவுகோல் வாயுவோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான், தெரிகிற வித்தியாசம் காற்றுடையது, கருவியுடையதல்ல என்று துணிந்து சொல்ல முடியும். அளக்கும் வேலையில் பாதி, இந்த ஒப்பீட்டைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வதுதான்.

பள்ளி ஆசிரியை, வடலூர்

கே: 'பின்னணிக் காற்று' என்கிறீர்களே, அது எந்தக் காற்று?

ப: யார் வீட்டுப் புகை என்று சொல்ல முடியாத அளவுக்குக் கலந்துவிட்ட காற்று. சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டில் குடுவையைத் திறந்தால் லாரிப் புகை விழும். ஆலை அரவைக் காலத்தில் திறந்தால் சர்க்கரை ஆலைப் புகை. வடமேற்குக் காற்றில் திறந்தால் நெய்வேலி. அவையும் உண்மைதான், ஆனால் உள்ளூர் உண்மை. உலகத்துக் காற்று எப்படி மாறிவருகிறது என்று தெரிய வேண்டுமானால், ஆயிரம் கிலோமீட்டர் கடல் தாண்டி வரும் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் கேப் கிரிம் என்ற முனையில் 1976 முதல் இதற்காகவே ஒரு நிலையம் நடக்கிறது. தென்மேற்கிலிருந்து, ஊரே இல்லாத பெருங்கடலைத் தாண்டி வரும் காற்றை அங்கே தனியாகக் கணக்கெடுக்கிறார்கள்.

வாய்க்கால் பாசன விவசாயி, பூதங்குடி

கே: எவ்வளவு சின்ன அளவை அளக்கிறார்கள்? எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

ப: உங்கள் ஏரியையே வைத்துச் சொல்கிறேன். வீராணம் நிரம்பினால் சுமார் 1.46 டிஎம்சி, அதாவது 4,100 கோடி லிட்டருக்கு மேல். நிரம்பிய ஏரியில் ஓர் அரை லிட்டர் பாட்டில் மையைக் கவிழ்த்து, ஏரி முழுக்கக் கலக்கி, பிறகு ஒரு டம்ளர் மொண்டு, "இதில் மை இவ்வளவு" என்று சொல்வதற்குச் சமம். சல்பர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயு இன்றைக்குக் காற்றில் கிட்டத்தட்ட அந்த விகிதத்தில்தான் இருக்கிறது: ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகளில் 11, 12. அது போன வருடத்தைவிட ஒரு துளி கூடியிருக்கிறதா என்பதையும் கருவி சொல்லிவிடும்.

கல்லூரி மாணவர், புவனகிரி

கே: ஏரியில் அரை லிட்டர்! இதற்கு ஏன் இவ்வளவு கவலை?

ப: எண்ணிக்கை குறைவு என்று நினைக்காதீர்கள் தம்பி. நீங்கள் இழுக்கும் மூச்சில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்த மூலக்கூறுகள் இருபத்தைந்து கோடிக்கு மேல் இருக்கின்றன. அவை உங்கள் நுரையீரலை ஒன்றும் செய்யாது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில்தான் அதன் வலிமை: எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல 23,000 மடங்குக்கும் மேல். அதோடு, போகாது. அதன் ஆயுள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வீராணத்தை வெட்டிய நாளில் யாராவது ஒரு கிலோ திறந்துவிட்டிருந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் நம் தலைக்கு மேல் இருக்கும்.

ஓய்வுபெற்ற மின்பணியாளர், நெய்வேலி

கே: அந்த வாயுவை நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். எங்கள் பிரேக்கரில் இருப்பதுதானே?

ப: அதேதான். உயரழுத்த மின்சாரத்தைத் துண்டிக்கும்போது எழும் தீப்பொறி வளைவை அணைக்க அதைவிடக் கெட்டிக்கார வாயு கிடைக்கவில்லை. அதனால்தான் துணைமின் நிலையங்களில் அது நிறைந்திருக்கிறது. மூடிய தொட்டிக்குள் இருக்கும்வரை குற்றமில்லை. பராமரிப்பின்போது வெளியே விடுவதும், தேய்ந்த சீல் வழியே கசிவதும்தான் சிக்கல். 1970களின் தொடக்கத்தில் உலகக் காற்றில் லட்சம் கோடிக்கு ஒன்றுகூட இல்லை. காலாப்பட்டுக் குடுவைகள் நிரம்பிய 2007–2011 காலத்தில் 6, 7 என்று இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 0.3 ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் குடுவைகள் நம் நாட்டுக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்லின. ஹன்லேக்கும் காலாப்பட்டுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே அன்றைக்கு இந்தியா இந்த வாயுவைப் பெரிதாக வெளியிடவில்லை. இன்றைக்கு மின்கட்டமைப்பு வெகுவாகப் பெருத்துவிட்டது. இன்றைய பதிலுக்கு இன்றைய குடுவை வேண்டும்.

குடும்பத் தலைவி, கீரப்பாளையம்

கே: இந்த வாயுக்களை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ப: முடியாது அம்மா. நிறமில்லை, மணமில்லை. அதனால்தான் முப்பது நாற்பது வருடம் யாருமே கவனிக்கவில்லை.

ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக், சேத்தியாத்தோப்பு

கே: பழைய ஏசியைக் கழற்றும்போது கேஸை வெளியே விட்டுவிட்டுத்தான் வேலை பார்க்கிறோம். எல்லாரும் அப்படித்தான். இது அந்தக் கணக்கில் வருமா?

ப: வருகிறது. உங்களைப்போல வெளிப்படையாகக் கேட்பவர்கள் குறைவு, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஃபிரிட்ஜில் இருந்தது ஆர்-12. அது ஓசோனையும் கெடுக்கும், வெப்பத்தையும் பிடிக்கும். பழைய ஏசியில் ஆர்-22. ஓசோனுக்கு அது செய்யும் கேடு குறைவு. ஆனால் ஒரு கிலோ வெளியே போனால் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், 750 லிட்டருக்கு மேல் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். அதன் பிறகு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, வெப்பத்தில் ஆர்-22ஐயும் மிஞ்சும். இப்போது வரும் ஆர்-32 அவற்றில் மூன்றில் ஒரு பங்குதான். ஃபிரிட்ஜில் வரும் ஆர்-600ஏ மிக நல்லது. வெறும் ஐசோபியூட்டேன், ஆனால் தீப்பிடிக்கும், கவனம்.

நீங்கள் வால்வைத் திறந்த சற்று நேரத்தில் அது பின்னலூரைத் தாண்டியிருக்கும். ஓரிரு ஆண்டுக்குள் டாஸ்மேனியாவில் இருக்கும் கருவிக்குள்ளும் அதில் ஒரு பங்கு போயிருக்கும். உலக அளவில் ஆர்-22 எவ்வளவு தயாரித்தார்கள், எவ்வளவு இன்னும் இயந்திரங்களுக்குள் இருக்கிறது, எவ்வளவு வெளியே போயிற்று என்பதெல்லாம் இப்படித்தான் சரிபார்க்கப்படுகிறது. கேஸை இழுத்து சிலிண்டரில் அடைக்கும் ரிக்கவரி இயந்திரம் இருக்கிறது. ஒரு மெக்கானிக் தனியாக வாங்கினால் கட்டுபடியாகாது என்பது எனக்குத் தெரியும். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். அதற்கு மானியம் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. குற்றம் முழுவதையும் உங்கள் தலையில் கட்ட நான் தயாரில்லை.

வாசகி, சிதம்பரம்

கே: இந்த விஷயத்தில் நம் பக்கத்து ஆள் யாராவது உண்டா?

ப: உண்டு, அதுவும் உங்கள் ஊரில் படித்தவர். வீரபத்ரன் ராமநாதன். 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். முதல் வேலை செகந்திராபாதில் குளிர்பதன இயந்திர ஆலையில். குளிரூட்டும் வாயு ஏன் இவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த பணி. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அமெரிக்கா. அங்கே 1975இல், குளோரோஃப்ளூரோகார்பன் மூலக்கூறு ஒன்று கரியமில வாயு மூலக்கூறு ஒன்றைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கிறது என்று கணக்கிட்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினார். புவி வெப்பம் என்றால் கரியமில வாயு மட்டும்தான் என்று உலகம் நினைத்திருந்த காலம் அது.

அதற்கு முந்தைய கதையும் தெரிய வேண்டும். ஆங்கிலேய விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் 1950களில் ஒரு கருவி செய்தார்; காற்றில் மிக நுண்ணிய அளவில் உள்ள குளோரின் சேர்மங்களைக்கூட அது காட்டிக்கொடுக்கும். 1971இல் அதை 'ஷாக்கில்டன்' என்ற ஆய்வுக் கப்பலில் ஏற்றிக்கொண்டு பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா வரை போனார். போன இடமெல்லாம் அந்தக் குளிர்பதன வாயு இருந்தது. ஆலையே இல்லாத தென்கடலிலும் இருந்தது. இதனால் ஆபத்து ஒன்றுமில்லை என்றுதான் அவர் எழுதினார். 1974இல் மொலினா, ரௌலண்டு என்ற விஞ்ஞானிகள் அது ஓசோனை அரிக்கும் என்று காட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு ராமநாதன். அளந்தவர் ஒருவர், பொருளைக் கண்டவர்கள் வேறு சிலர். அளந்து வைத்ததால்தான் அவர்களால் காண முடிந்தது.

வழக்கறிஞர், காட்டுமன்னார்கோவில்

கே: தடைசெய்த வாயுவை யாராவது திருட்டுத்தனமாகத் தயாரித்தால் பிடிபடுவார்களா?

ப: பிடிபட்டிருக்கிறார்கள். உங்கள் தொழிலுக்கு இது பிடிக்கும்: சாட்சி காற்று.

1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, குளோரோஃப்ளூரோகார்பன்களில் ஒன்றான சிஎஃப்சி-11இன் உற்பத்தி 2010க்குள் உலகெங்கும் நின்றிருக்க வேண்டும். நாடுகள் கொடுத்த அறிக்கைகளின்படி நின்றுவிட்டது. காற்றில் அதன் அளவும் ஆண்டுதோறும் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. 2012க்குப் பிறகு அந்த இறக்கத்தின் வேகம் பாதியாகக் குறைந்தது. ஏறவில்லை, கவனியுங்கள், இறங்குவது தளர்ந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஸ்டீவன் மான்ட்ஸ்காவும் அவர் குழுவினரும் கருவிப் பிழையா, காற்றோட்ட மாற்றமா என்று ஒவ்வொன்றாகச் சலித்துவிட்டு, 2018இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் கூடுதலாக வெளியேறுகிறது.

யார்? கொரியாவின் ஜேஜூ தீவில் கோசான் நிலையமும், ஜப்பானின் ஹதெருமா தீவு நிலையமும் சீனாவுக்கு எதிர்ப்புறம் இருக்கின்றன. எந்தத் திசைக் காற்று வரும்போது அளவு எகிறுகிறது என்று வானிலைக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள். 2019இல் விடை வந்தது: சீனாவின் கிழக்குப் பகுதி, முக்கியமாக ஷான்தோங், ஹபே மாகாணங்கள். உலகக் கூடுதலில் 40 முதல் 60 சதவீதம் அங்கிருந்து வந்தது. ஃபோம் செய்யும் ஆலைகளில் அதைப் பயன்படுத்துவதை வேறொரு கள விசாரணையும் அதற்குள் வெளியே கொண்டுவந்திருந்தது. நடவடிக்கை எடுத்தார்கள். 2019க்குள் வெளியேற்றம் மறுபடி பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த இறக்கத்தையும் காற்றுதான் சொன்னது.

அதே வழக்கறிஞர், அடுத்த கடிதத்தில்

கே: இந்தியாவில் அப்படி நடந்தால்?

ப: கடினமான கேள்வி. 1978இல் இந்த வாயுக்களைத் தொடர்ந்து அளக்கும் உலக வலை தொடங்கியபோது நிலையங்கள் அயர்லாந்து, அமெரிக்க மேற்குக்கரை, பார்படாஸ், சமோவா, டாஸ்மேனியா ஆகிய இடங்களில் இருந்தன. எதுவும் நம் பக்கம் பார்த்ததல்ல. சீனாவுக்கு எதிரே கோசான் இருந்ததால் ஷான்தோங் தெரிந்தது. நமக்கு எதிரே அப்படியொரு கண் அன்று இல்லை. 2016 ஜூன், ஜூலையில் பிரிட்டனின் ஆய்வு விமானம் ஒன்று வட இந்தியாவின் மேல் பறந்து காற்றைப் பிடித்தது. அதிலிருந்து நம் வெளியேற்றத்தை மதிப்பிட்டார்கள். சிஎஃப்சி விஷயத்தில் பயப்படும்படி ஏதும் அகப்படவில்லை. நல்லதுதான். ஆனால் அது இரண்டு மாதக் கதை.

நமக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. ஆர்-22 செய்யும்போது கூடவே எச்எஃப்சி-23 என்ற துணைவாயு பிறக்கும். வெப்பத்தைப் பிடிப்பதில் அது கரியமில வாயுவைப்போல 12,000 மடங்குக்கு மேல். ஆர்-22 ஆலைகள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நம் மேட்டூரிலும் ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் அந்தத் துணைவாயுவை ஆலைகளே எரித்துவிட வேண்டும் என்று இந்திய அரசு ஆணையிட்டது. பெருமைப்படத்தக்க ஆணை. சீனாவும் இந்தியாவும் கொடுத்த கணக்கின்படி 2017க்குள் உலக வெளியேற்றம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்க வேண்டும். 2018இல் காற்று காட்டியது 15,900 டன், அதுவரை இல்லாத உச்சம். எந்த நாட்டுக் கணக்கு எவ்வளவு பிசகியது என்று பிரித்துச் சொல்லப் பக்கத்தில் நிலையம் வேண்டும். ஆணையை மதித்து எரித்த ஆலைக்கும் அந்த நிலையம்தான் நற்சான்று.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கிராமவாசி, ஈச்சங்காடு

கே: டாஸ்மேனியாக் காற்று இருக்கட்டும். எங்கள் வீட்டுக் காற்றை யார் அளப்பார்கள்?

ப: கேட்க வேண்டியவர் நீங்கள்தான். நான் மேலே சொன்ன கருவிகள் எதுவும் உங்கள் வாசலில் இரவு பத்து மணிக்கு வீசும் நாற்றத்தைப் பிடிக்காது. அவை உங்கள் மாதிரி ஊர்களைத் தவிர்த்துவிட்டு அளப்பவை. உங்கள் பக்கத்து மக்கள் 2004இல் தாங்களே அதைச் செய்தார்கள்: ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ளே வாயுவை உறிஞ்சாத ஒரு பை, சிறு பம்பு. நாற்றம் வரும் நிமிடத்தில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாளில், எந்த ஆலைப் பக்கத்திலிருந்து, எப்படிப்பட்ட வாடை என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள். அதிகாரிகள் வருவதற்குள் காற்று மாறிவிடும் என்பதால்தான் அந்த வாளி தேவைப்பட்டது. இந்த மாவட்டத்துக் காற்றை அளந்த வரலாற்றில் அதை நான் முதல் வரியில் வைப்பேன். காலாப்பட்டுக் குடுவை உலகத்துக்காக. உங்கள் வாளி உங்கள் பிள்ளைகளுக்காக. ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை அரசு கைவிடக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, குறிஞ்சிப்பாடி

கே: பிடித்த காற்றை அளந்த பிறகு என்ன செய்வார்கள்?

ப: பெரும்பாலும் குடுவையைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவார்கள். கேப் கிரிம்மிலோ 1978 முதல் ஆண்டுக்குச் சில தடவை எஃகுத் தொட்டியில் காற்றை நிரப்பி, திறக்காமல் சேர்த்து வைக்கிறார்கள். அது எதற்கு என்று கேள்: டிவி, போன் திரை செய்யும் தொழிற்சாலைகளில் நைட்ரஜன் ட்ரைஃப்ளூரைடு என்று ஒரு வாயு பயன்படுகிறது. அதை 2008 வரை காற்றில் யாரும் அளந்ததில்லை. அளக்க வழி கண்டதும் பழைய தொட்டிகளைத் திறந்தார்கள். 1978 காற்றில் லட்சம் கோடிக்கு 0.02, 2008இல் 0.45. காற்றில் அதன் மொத்தம் 5,400 டன். அதற்குமுன் போட்ட மதிப்பீடோ 1,200 டன்னுக்கும் கீழே. தட்டைத் திரை டிவியே இல்லாத காலத்தில் அந்தத் தொட்டியை நிரப்பியவருக்கு இந்த வாயு எதிர்காலத்தில் முக்கியமாகும் என்று தெரியாது. தெரியாமலே நிரப்பி, தேதி எழுதி, மூடிவைத்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

தலைமையாசிரியர், ஸ்ரீமுஷ்ணம்

கே: எங்கள் பள்ளி மொட்டைமாடியில் இதை அளக்க முடியுமா?

ப: இந்த வாயுக்களை முடியாது. மழையை அளக்கலாம், காற்றின் திசையை எழுதலாம். பத்து வருடம் விடாமல் எழுதினால் அதற்கும் விஞ்ஞானிகள் தேடி வருவார்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர், சோழத்தரம்

கே: அளந்து அளந்து என்ன ஐயா ஆகப்போகிறது? உலகம் கேட்கவா போகிறது?

ப: ஒரு தடவை கேட்டிருக்கிறது. அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1950களிலிருந்து ஓசோனை அளந்துவந்தார்கள். அங்கே அளந்த டாப்சன் கருவியைப் போன்ற ஒன்று நம் கொடைக்கானலிலும் இருந்தது. கால்நூற்றாண்டு அளவு கையில் இருந்ததால்தான், 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய விஞ்ஞானிகள் ஓசோன் ஓட்டையைக் காட்டியபோது யாரும் மறுக்க முடியவில்லை. இரண்டே ஆண்டில் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இந்தியா 1992இல் சேர்ந்தது. 2008 ஆகஸ்டில் சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தியது. காற்றில் சிஎஃப்சி-11 1990களின் நடுவில் லட்சம் கோடிக்கு 268ஐத் தொட்டது, இன்றைக்கு 220க்கும் கீழே வந்துவிட்டது. மனிதன் செய்த தவற்றை மனிதனே திருத்தியதற்கு இவ்வளவு தெளிவான சான்று வேறு துறையில் எனக்குத் தெரியாது.

என் கவலை வேறு. ஹவாயின் மௌனா லோவாவில் 1958 முதல் கரியமில வாயுவை அளந்த சார்லஸ் கீலிங்கின் புகழ்பெற்ற வரைபடத்திலேயே 1964இல் சில மாதம் வெற்றிடம் இருக்கிறது. பணத்தை வெட்டியதால் வந்தது. கோவாவின் கேப் ராமாவில் 1993இல் ஆஸ்திரேலியக் கூட்டுறவோடு குடுவையில் காற்றுப் பிடிக்கத் தொடங்கினோம். 2002இல் நின்றது, 2009இல் மறுபடி தொடங்கினோம். இடையில் போன ஏழு ஆண்டுக் காற்றை இனி எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பரங்கிப்பேட்டையில் கடலுயிரியல் மையம் இருக்கிறது. ராமநாதன் படித்த பல்கலைக்கழகம், கடல் பக்கத்திலேயே. வடகிழக்குப் பருவத்தில் வங்கக்கடல் தாண்டி வரும் காற்றும், தென்மேற்குப் பருவத்தில் தீபகற்பம் முழுக்கக் கடந்து வரும் காற்றும் அங்கே கிடைக்கும். தேவை இவ்வளவுதான்: ஒரு முப்பது மீட்டர்க் கம்பம், பம்பு, ஈரம் நீக்கும் குழாய், வாரத்துக்கு ஒரு ஜோடிக் குடுவை, பொங்கலன்றும் போய் வால்வைத் திறக்க ஓர் ஆள், முப்பது வருடத்துக்கு உறுதியான சம்பளம். மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகளிடம் இதைக் கேட்டு நான் எழுதப்போகிறேன். தபால்காரரே, நாற்பது வருடம் ஒருநாள் விடாமல் சைக்கிள் மிதித்தவர் நீங்கள். உங்கள் கையெழுத்தும் அந்தக் கடிதத்தில் வேண்டும்.